கணினி கேள்வி–பதில்: ஏழு வரி பதினைந்தாகுமா?

கேள்வி: கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன். எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வரி உயரம் 44 பிக்சல், ஓரம் 16 என்று வைத்தேன். '1366×768 லேப்டாப்பில் ஏழு உருப்படிதான் தெரிகிறது' என்கிறார் கணக்கர். குறைத்தால் பில் திரை ஒரு மாதிரி, செட்டிங்ஸ் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: 44 என்பது விரல் தொடும் போனுக்கு ஆப்பிள் சொன்ன அளவு. மவுஸ் வைத்து வேலை செய்பவருக்கு அது தேவையில்லை. சொடுக்கும் இடம் 24 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தைக் கணக்குப் போட்டால்: 768-இல் டாஸ்க்பார் 40, டைட்டில் பார் ஏறத்தாழ 30 போக மிச்சம் 698. மெனுவும் டூல்பாரும் 90, 'விற்பனை பில்' என்ற பட்டை 50, வாடிக்கையாளர் விவரம் 130, மொத்தமும் பட்டன்களும் 80, அட்டவணைத் தலைப்பு 36. உருப்படிக்குக் கிடைப்பது 312; அதை 44-ஆல் வகுத்தால் ஏழுதான் வரும்.

டைட்டில் பாரிலேயே இருக்கிற பெயரை எதற்கு இன்னொரு பட்டையில் எழுத வேண்டும்? அதை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், தேதி, பில் எண் மூன்றையும் ஒரே வரியில் போட்டால் 64 போதும். தலைப்பையும் வரியையும் 28 ஆக்குங்கள். 436-இல் 15 வரி நிற்கும்.

28-க்குக் கீழே போகாதீர்கள். 14 பிக்சல் தமிழ் எழுத்துக்கு வரி உயரம் 20, மேலும் கீழும் 4. ஆங்கில எழுத்துக்கு 22 உயர வரியே போதும்; நமக்கோ 'கொலுசு' என்பதில் சு-வின் கால் அறுபட்டுவிடும். இடம் போதவில்லை என்று எழுத்தை 12 ஆக்குவதும் வேண்டாம். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி எண்களைத்தான் கணக்கர் நாளெல்லாம் பார்க்கிறார்.

திரைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிய இடைவெளி சமமாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தளவு, இடது ஓரம் 16, பட்டன்களின் வரிசை, 'சேமி' நிற்கும் மூலை: இவை எங்கும் மாறக் கூடாது. இடைவெளிக்கு 4, 8, 16 மூன்றே அளவு. பில் திரை 4, 8 எடுக்கட்டும். மாதம் ஒருமுறை திறக்கிற செட்டிங்ஸ் 8, 16 எடுக்கட்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இடையில் 6, 11 என்று நுழைந்தால்தான் கோணல்மாணலாகிறது.

கடைசியாக, விண்டோஸில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 125 சதவீதமாக்கிப் பாருங்கள். திரை 1093×614 ஆகச் சுருங்கும். வரி பத்தாகக் குறையும். அப்போது அட்டவணைதான் சுருங்க வேண்டும். உயரத்தைப் பூட்டி வைத்திருந்தால் 'சேமி' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பட்டறைக்கு அனுப்பிய பிறகு வரும் போனில் பாதி இதற்காகத்தான் இருக்கும்.

கேள்வி: காபி எஸ்டேட் ஆபீஸ் சாஃப்ட்வேரில் டூல்பார் பெயர்களை நீக்கி ஐகான் மட்டும் வைக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பிரின்ட், சேமி இரண்டுக்கும் சரி. 'பறிப்புக் கூலி', 'வருகைப் பதிவு' இவற்றுக்கு எல்லோருக்கும் தெரிந்த படம் ஏது? மேலே இடம் நெருக்கடி என்றால் அவற்றை இடப்பக்கம் 180 பிக்சல் அகலப் பட்டியலாக இறக்குங்கள். அகலத் திரையில் பஞ்சம் உயரத்துக்குத்தான்.