கோலும் வரும், இன்டர்நெட்டும் வரும்

கேள்வி: உப்புவெளியில் ஆறு அறை விடுதி நடத்துகிறோம். சீசனில் டொங்கிள் இன்டர்நெட் சுத்திக்கொண்டே நிற்கிறது. பழைய தொலைபேசி லைன் ஒன்று இருக்கிறது. அதிலேயே இன்டர்நெட் எடுக்கலாமா? எடுத்தால் கோல் வராது என்கிறார்களே?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: கோல் வரும் தங்கச்சி. நம் பேச்சுக்கு அந்தச் செப்புக் கம்பியில் 4 கிலோஹேர்ட்ஸ் போதும். தொலைபேசிக் கம்பியிலேயே வருகிற ஏடிஎஸ்எல் இன்டர்நெட் ஏறக்குறைய 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேதான் ஓடுகிறது. இரண்டையும் பிரிப்பது ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி. அதைப் போடாமல் போனைச் செருகிவிட்டு இரைச்சல் என்று முறைப்பாடு செய்தவர்கள் எத்தனை பேர்!

மே முதல் செப்டம்பர் வரை கடற்கரைக்கு வருகிற அத்தனை பேரும் ஒரே டவரைத்தான் பிய்த்துத் தின்கிறார்கள். உங்கள் சோடிக் கம்பியோ தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வரை உங்களுக்கு மட்டும்தான். முற்றத்தைத் தோண்டவும் தேவையில்லை.

ஆனால் தூரம் முக்கியம். ஏடிஎஸ்எல்லின் வேகமான வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் காகிதத்தில் 24 எம்பிபிஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தாண்டினால் ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது. அதுவும் தூண் தூணாகக் கம்பி போகிற தூரம். அனுப்புகிற வேகம் ஒன்று, ஒன்றரைதான். விருந்தாளி வாட்ஸ்அப்பில் கதைக்க, முன்பதிவு பார்க்க அது போதும். நாலு கமராவைக் கொழும்பிலிருந்து பார்க்க நினைத்தால் திணறும். அதற்கு எஸ்எச்டிஎஸ்எல் என்ற வேறு வகை இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். போக, வர ஒரே வேகம். ஆனால் அந்தச் சோடியில் போன் ஓடாது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. நான் லைன் வேலை பார்த்த காலத்தில் ஒரு கடைக்காரர் மூன்று ரவுட்டர் மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். தாழ்வாரத்துக்குக் கீழே கம்பி மூட்டு பச்சை பிடித்துக் கிடந்தது. வெட்டி, புதிதாக முறுக்கி, ஜெல் போட்ட கனெக்டர் மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. ஆகவே மழை பெய்த மறுநாள் போனைக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரத்தால் முதலில் கம்பியைத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு பணம் கட்டலாம்.

கறண்ட் போனால் சாதாரணப் போன் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டில் பேசும், ரவுட்டர் பேசாது. சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்துவிட்டதென்றால் இவ்வளவும் வேண்டாம், அதையே எடுங்கள்.

அப்புறம், இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே கறண்ட் பிளக்கோடு போன் வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.