தொடக்கப் பள்ளிக்கு ரோபோ கிட் வாங்கலாமா?

கேள்வி: டெல்டா பக்கம் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 58 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். இங்கே படித்து இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். சுற்றுச்சூழல், டெக்னாலஜி இரண்டையும் பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு கம்பெனிக்காரர் வந்து, ரோபோ கிட்டும் சோலார் கிட்டும் சேர்த்து 'லேப்' போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். இந்த வருஷம் வேண்டாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அறிவியல் பயிற்சிக்காகப் போன ஒரு பள்ளியில் பீரோவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இதே மாதிரி ஒரு கிட், மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் மூன்று வருஷமாக இருந்தது. அந்த ஆசிரியர் சோம்பேறி இல்லை, நல்ல மனிதர். "ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்திட்டாங்க சார், ஒரு சக்கரம் தொலைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்" என்றார். பிள்ளைகள் தொட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பூட்டி வைக்கிற சாமானை வைத்துக் கையால் செய்து படிக்க முடியாது. தொலைந்தால் போகட்டும் என்று விடக்கூடிய விலையில் இருப்பதுதான் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியான கருவி.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் பள்ளிக்குள் தினமும் தண்ணீர் வருகிறது போகிறது, சமையலறையில் கழிவு விழுகிறது, கரண்டு செலவாகிறது. இந்த மூன்றையும் பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். டெக்னாலஜி அந்த அளக்கும் வேலைக்குள் தானாக வந்துவிடும், தனியாக விலை கொடுத்துக் கூட்டி வர வேண்டியதில்லை.

முதலில் கரண்டு, ஏனென்றால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் பள்ளி மின்மீட்டரைப் போய்ப் பாருங்கள், அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டும். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்று ஒரு எண் அச்சடித்திருக்கும், மீட்டருக்கு மீட்டர் மாறும். ஒரு யூனிட் கரண்டு செலவானால் அந்த விளக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்று அர்த்தம். பள்ளியில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைத் தள்ளி நின்றபடி பத்து நிமிஷம் எண்ணச் சொல்லுங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், 3200 மீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 4 சிமிட்டல், பத்து நிமிஷத்துக்கு 40. அப்புறம் அதை அணைத்துவிட்டு ஒரு டியூப் லைட். அப்புறம் எல்.இ.டி. டியூப். பழைய சோக் வைத்த டியூப் லைட்டுக்கும் எல்.இ.டி.க்கும் பாதிக்கு மேல் வித்தியாசம் வரும், அதை நீங்கள் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளே கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். பெரிய பெட்டி போலப் பழைய ரெகுலேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சிமிட்டல் பாதியாகக் குறையாது, மீதி கரண்டு எங்கே போகிறது என்ற கேள்வி வரும், பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். (கை வைப்பது நீங்கள். மீட்டர், ஒயர், சுவிட்ச்போர்டு எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது, கண்ணால் பார்ப்பதோடு சரி.)

இங்கேதான் அந்த 40,000 ரூபாயில் முதல் செலவைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: ஒரு பி.எல்.டி.சி. மின்விசிறி, அதாவது கரண்டைக் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்தது, வாங்குங்கள். மூவாயிரம் ரூபாய் பக்கம் ஆகும். அது முழு வேகத்தில் 30 வாட் அளவுதான் எடுக்கும், பத்து நிமிஷத்துக்கு 16 சிமிட்டல். 40 எங்கே, 16 எங்கே! ஒரே அறையில் பழையதும் புதியதும் அடுத்தடுத்துத் தொங்க, பிள்ளைகள் இரண்டையும் எண்ணி, கரும்பலகையில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டுப் பட்டை வரைபடம் வரைந்தால், அந்தக் கணக்கு அவர்களுக்கு மறக்காது. ரோபோ செய்யாத ஒரு வேலையையும் அந்த விசிறி செய்யும், வெயில் காலத்தில் காற்று வரும்.

அடுத்தது மழை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், வரிவரியாகப் பள்ளம் இல்லாமல் நேராக இருப்பதாகப் பார்த்து எடுத்து, மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் மழைமானி தயார். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி ஆரம்பிக்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூஜ்யம் என்று குறித்துவிடுங்கள். பலர் இந்த ஒரு இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள், பூஜ்யம் தப்பானால் வருஷம் முழுக்க அளந்ததும் தப்பு. அங்கிருந்து மேலே ஸ்கேல் ஒட்டிவிட்டு, கொடிக்கம்பத்துப் பக்கம் மாதிரி மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், ஒரு அடி உயரத்தில் காற்றுக்குச் சாயாமல் கட்டி வையுங்கள். இந்திய வானிலைத் துறை காலை 8.30 மணிக்குத்தான் முந்தின நாள் மழையை அளக்கிறது. நம் பிள்ளைகளும் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து அந்த நேரத்துக்குப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒருத்தர் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வந்தால் முடிந்தது. மறுநாள் செய்தித்தாளில் உங்கள் பக்கத்து ஊர் மழை அளவு வருமே, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இருக்காது. நம்முடையது தப்பா, அல்லது அங்கே ஒரு மழை இங்கே ஒரு மழையா என்று சண்டை வரும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்காதீர்கள், கொஞ்ச நாள் ஓடட்டும்.

மழையை மில்லிமீட்டரில் எழுதுவதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர், இந்த ஒரு வரி போதும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்றால் கூரை சுமார் 37 சதுர மீட்டர். ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் 25 மில்லிமீட்டர் பெய்வது நம் பக்கம் சாதாரணம், 37-ஐ 25-ஆல் பெருக்கினால் 925 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் அறுபது குடத்துக்கு மேல்! வழியில் சிந்துவது போக ஐம்பது குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா தினமும் எத்தனை குடம் எடுக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும், அதற்குமேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது, அதனால் உங்கள் பள்ளியிலும் குழாய் இருக்கும். அது தொட்டியில் போய்ச் சேருகிறதா, பாதியில் உடைந்து சுவரை நனைக்கிறதா என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். உடைந்திருந்தால் சரிசெய்வதுதான் நன்கொடைப் பணத்தின் இரண்டாவது செலவு.

உரத்தொட்டி பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் எல்லாரும் அதைத்தான் முதலில் செய்வார்கள், முக்கால்வாசிப் பேர் பாதியில் விட்டுவிடுவார்கள், நாற்றம்தான் காரணம். சத்துணவுக்கூடத்துக் காய்கறித் தோலை மட்டும் போட்டால் கண்டிப்பாக நாறும். ஒரு கை தோலுக்கு இரண்டு மூன்று கை காய்ந்த சருகு, இந்தக் கணக்கை விடாதீர்கள். ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி இரண்டு, தொடங்கி வைக்கக் கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர், அவ்வளவுதான் சாமான். உள்ளே இருப்பதை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் சருகு போடுங்கள், சொட்டே இல்லை என்றால் தண்ணீர் தெளியுங்கள். சாம்பார் சோறு, எண்ணெய் பட்டது எதுவும் வேண்டாம், எலி வரும். இரண்டு மாதத்தில் கறுப்பாக மண்வாசனையோடு வரும், அதுவரை வாரம் ஒருமுறை கிளறிவிட ஆள் வேண்டும், நாலாம் வகுப்பிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்று இரண்டாம் வகுப்புக் குட்டிகளுக்குத் தனி வேலை: முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், செய்தித்தாள், பிஸ்கட் உறை நான்கையும் தனித்தனிச் சட்டி மண்ணில் புதைத்து மேலே படம் வரைந்து வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கட்டும். எது அப்படியே இருக்கும் என்று முன்பே கையைத் தூக்கிச் சொல்ல வையுங்கள். முட்டை ஓட்டில் நிறையப் பேர் ஏமாறுவார்கள்.

தோட்டம் போடுவதானால் கீரையோடு நிறுத்துங்கள். அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும், பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் சரி. ஏப்ரலில் எதுவும் புதிதாக விதைக்காதீர்கள், கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செடி காய்ந்து, ஜூனில் திரும்பி வரும் பிள்ளை அழுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, டெக்னாலஜி எங்கே என்று நன்கொடையாளர் கேட்பார். கரண்டை எண்ணியாயிற்று, இனி அதை உண்டாக்கிப் பார்க்கலாம். உடைந்த பொம்மைக் காரில் இருக்கும் சின்ன மோட்டாரை எடுங்கள், கடையில் வாங்கினாலும் ஐம்பது ரூபாய்க்குள்தான். அதன் இரண்டு ஒயரிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை இணைத்து, அச்சில் நூலைச் சுற்றிப் பம்பரம் விடுவது மாதிரி வெடுக்கென்று இழுத்தால் விளக்கு ஒரு கணம் எரியும். எரியவில்லை என்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுக்கச் சொல்லுங்கள், எல்.இ.டி. ஒரு பக்கம்தான் கரண்டை விடும். ஊரில் யாராவது தாத்தா வீட்டுப் பரணில் சைக்கிள் டைனமோ கிடக்கும், கேட்டு வாங்குங்கள், அவரையும் கூட்டி வாருங்கள். டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதிப்பது கனக்கும் என்று அவர் சொல்வார், பிள்ளைகள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது நிஜம் என்று தெரியும். வெளிச்சம் சும்மா வராது என்பதை இதைவிட நன்றாக எந்தக் கிட்டும் சொல்லிக்கொடுக்காது. சோலாருக்கும் பேட்டரி, இன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம், உள்ளங்கை அளவு 6 வோல்ட் பேனல் ஒன்றை நேராகச் சின்ன விசிறி மோட்டாரோடு சேர்த்துவிடுங்கள். மேகம் வந்தால் தளரும், விலகினால் சீறும். பேனலில் ஒரே ஒரு கட்டத்தை விரலால் மூடினாலும் விசிறி நின்றுவிடும் அளவுக்குத் துவண்டுபோகும். வேப்பமர நிழல் லேசாக விழுந்தாலே கூரைப் பேனலில் கரண்டு ஏன் குறைகிறது என்று அப்போது புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வட்டமான பட்டன் பேட்டரி பள்ளிக்குள் வரவே கூடாது, விளக்கு பொம்மைக்குள் இருந்தாலும் சரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பென்சில் பேட்டரி போதும். பழைய சாமானைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம்தான், சுவர்க்கடிகாரம், டார்ச், ரிமோட் என்று பிரிக்கட்டும், செல்போன் பேட்டரியும் பாதரசம் இருக்கிற சி.எஃப்.எல்., டியூப் லைட்டும் பக்கத்தில் வரக் கூடாது.

இரண்டே ஆசிரியர்கள், நேரம் எங்கே என்று நினைப்பீர்கள். தனிப் பாடவேளை போடாதீர்கள், போட்டால் ஆய்வு அலுவலர் வரும் வாரத்தோடு நின்றுபோகும். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் எப்படியும் எண்ண வைக்கிறீர்கள், குச்சிக்குப் பதில் மீட்டர் சிமிட்டலை எண்ணட்டும். பெருக்கலுக்குக் கூரைத் தண்ணீர். தமிழ் வகுப்பில் உரத்தொட்டிக்கு ஒரு பத்தி. உங்களிடம் இருக்கும் டேப்லெட்டில் தினமும் ஒரே இடத்திலிருந்து கீரைப் பாத்தியைப் படம் எடுத்து, மாதக் கடைசியில் மளமளவென்று தள்ளிக் காட்டினால் விதை மரியாதையாக எழுந்து நிற்பதைப் பிள்ளைகள் சினிமா மாதிரி பார்ப்பார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு 'வானவில் மன்றம்' என்ற அரசின் செய்முறை அறிவியல் திட்டத்தின் கருத்தாளர் வருவார். அந்தத் திட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புக்குத்தான், ஆனாலும் ஒருநாள் மாலை அவரைப் பிடித்துப் பேசினால் மோட்டார், எல்.இ.டி. எந்தக் கடையில் மலிவு என்று சொல்லிவிடுவார்.

பணத்தைக் கையில் வாங்காதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக வரட்டும். நான் சொன்ன விசிறி, குழாய் ரிப்பேர், வாளி, மோட்டார், பேனல் எல்லாம் சேர்ந்தாலும் பதினைந்தாயிரத்தைத் தாண்டாது, மீதியை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். எது தேவை என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும், ரோபோதான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் தாராளமாக வாங்கலாம். கம்பெனிக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு சக்கரம் தொலைந்தால் தனியாக விற்பீர்களா, பேட்டரி எங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா, பயிற்சி தருபவர் பிள்ளைகளிடம் தமிழில் பேசுவாரா. மூன்றாவது கேள்விக்கு அவர் யோசித்தால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நன்கொடை தருபவருக்கு இப்போதைக்குப் போட்டோ வேண்டாம். திங்கட்கிழமை மீட்டரை எண்ணியதும், எந்தப் பிள்ளை எழுதிய தாளோ அதை, அடித்தல் திருத்தலோடு அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.