கூடங்குளத்தில் அணு உலை ஓடுகிறதே, அப்புறம் அந்தப் போராட்டத்தால் என்ன பயன்?

"இடிந்தகரை மக்கள் வருஷக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தும் உலை நிற்கவில்லையே, அறவழிப் போராட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடங்குளத்தை ஒட்டிய அந்தக் கடற்கரைக் கிராமத்துப் பந்தலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

2012-இல் நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்களோடு பஸ் ஏறிப் போனோம். லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல். மைக்கில் ஒருவர் கதிர்வீச்சு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்து கேட்டார்கள். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, அடுத்த இலையை எடுப்பார்கள். கண் மேடையை விட்டு நகராது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார அவர்களுக்கு வசதி இல்லை. அதனால் வேலையையே பந்தலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி "சாப்டியா மக்கா?" என்று விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தப் பக்கமா ஓடணும்னு எங்களுக்குச் சொல்லித் தரணும்லா?"

2004-இல் சுனாமியைப் பார்த்த கரை அது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தை டிவியில் பார்த்த பிறகு வந்த கேள்வி. அந்த செப்டம்பரில் 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தும்படி மாநில அமைச்சரவையே தீர்மானம் போட்டது. அடுத்த மார்ச்சில் அதே அரசு அனுமதி கொடுத்துவிட்டது. 2012 செப்டம்பர் 10-இல் கடற்கரையில் கண்ணீர்ப்புகை, தடியடி. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. மூன்றே நாளில் அதே ஜனங்கள் கடலுக்குள் இறங்கி, கைகோத்து நின்றார்கள். அடி வாங்கியவர்களுக்குக் கல்லெடுக்கக் காரணமா இல்லை? எடுத்திருந்தால் பேச்சு முழுக்கக் கல்லைப் பற்றியே போயிருக்கும், பாட்டியின் கேள்வி அதோடு செத்திருக்கும்.

அது சாகவில்லை. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி அளித்தது. சரி, தோல்விதான். ஆனால் அதே தீர்ப்பில் 15 உத்தரவுகள் இருக்கின்றன. பேரிடர் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த வேண்டும், உலைக்கு உள்ளேயும் வெளியேயும் அவ்வப்போது அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. எந்தப் பக்கம் ஓடுவது என்று பாட்டி கேட்டாரே, அதற்கான பதில் சட்டப்படி அரசின் கடமையாக எழுதப்பட்டுவிட்டது. போராடியவர்கள் மேல் போட்ட குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அந்த உத்தரவுகளில் உண்டு.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும். ஒரு கடற்கரைக் கிராமத்தின் ஓட்டை வைத்து டெல்லியில் எதையும் அசைக்க முடியாது. எண்ணிக்கையில் சின்னவர்களுக்கு இந்தப் பிரிவுதான் நாக்கு. அதனால்தான், பந்தலில் உட்கார்ந்தவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. பிறகு பல வழக்குகள் வாபஸ் ஆயின. ஆனால் அதற்குள் அந்தக் கரையில் எத்தனையோ பையன்கள், வெளிநாட்டு வேலை கையில் இருந்தும், பாஸ்போர்ட் கிடைக்காமல் வருஷங்களைத் தொலைத்துவிட்டார்கள்.