நாடு மாறிப்போன பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏன் மாறுகிறது?

அபாயம் என்பது நோய் வரக்கூடிய வாய்ப்பு, அவ்வளவே. ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் அமெரிக்காவின் மற்றப் பகுதிகளுக்கும் குடியேறிய குடும்பங்களின் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் தலைமுறைக்குத் தலைமுறை கூடியது. ரத்தம் அதேதான், வாழ்க்கைதான் மாறியது. தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள், தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்குவது, மாதவிடாய் நின்றபின் ஏறும் எடை, மது: இவற்றில் பலவும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தாக்கத்தைக் கூட்டுகின்றன.

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதி வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மாதிரிதான். வித்து இந்தியாவிலிருந்து வந்தது. வளர்வதோ இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப. 1860 முதல் இந்தியாவிலிருந்து நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி) கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டிகளின் வாழ்க்கையும் இன்றைய டர்பன் வாழ்க்கையும் ஒன்றா?

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்று இருந்துவிடாதீர்கள்: இந்நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு அது இருந்ததே இல்லை, ஆகவே கட்டி தென்பட்டால் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.