கணினியில் ஆடும் மாயாஜாலப் புதிர் சாகச விளையாட்டுகளுக்கு உருப்படியான விமர்சனம் எழுதுவது எப்படி?

அலட்டிக்கொள்ளாமல் ஓய்வாக உட்கார்ந்து ஆடும் மாய உலகப் புதிர் விளையாட்டுகளைப் பற்றி எழுத ஆசை, ஆனால் "படங்கள் அழகு, இசை இனிமை, கதை சுமார்" என்பதைத் தாண்டி எழுத வரவில்லை, எதைப் பார்த்து எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வகை விளையாட்டுகளை ரொம்ப நாளாக விரும்பி ஆடிவருகிறேன். ஆடியதைப் பற்றி எழுதியும் வருகிறேன். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஆடுகிறவர் எங்கே சிக்கி நிற்கிறார், நின்ற பிறகு அந்த கேம் அவரை எப்படி நடத்துகிறது? படம், இசை, கதை எல்லாம் அதற்கு அப்புறம். சண்டையோ ஓட்டப்பந்தயமோ இல்லாத ஆட்டம் இது. இதில் நமக்கு இருக்கும் வேலையே யோசிப்பதுதான். விடை பிடிபடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இதில் நிறைய. அந்த நேரம் சுகமாகப் போனதா எரிச்சலாகப் போனதா என்று சொல்லாவிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்று படிக்க வந்தவருக்கு அந்த விமர்சனத்தால் ஒரு பயனும் இல்லை.

சிக்குவதிலும் நல்லது கெட்டது உண்டு. விடை தெரிந்ததும் "அட, கண்ணெதிரிலேயே இருந்ததே" என்று தோன்றினால் அந்தப் புதிர் நியாயமானது. "இதை எவர்தான் யோசிப்பார்?" என்று தோன்றினால் அநியாயமானது. சாகச விளையாட்டு ரசிகர்கள் இன்றும் சொல்லிக்காட்டும் உதாரணம் 1999-ல் வந்த 'கேப்ரியல் நைட் 3'. அதில் கதாநாயகன் வேறொருவராக நடித்து ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அதன் வழியாக ஓடவைத்து, டேப்பில் ஒட்டிய முடியை எடுத்து, சிரப் தடவி மீசையாக வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் யாராக நடிக்கிறாரோ அவருக்கு மீசையே கிடையாது! அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் ஒரு மீசை வரைய வேண்டும். ஒவ்வொரு படியும் ஒருவாறு செய்யக்கூடியதுதான். ஆனால் அடுத்த படிக்குப் போக நம்மைத் தூண்டும் காரணம் அந்தக் கதைக்குள் எங்குமே இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு 2009-ல் செக் நாட்டு அமானிதா டிசைன் வெளியிட்ட 'மெஷினாரியம்'. குட்டி ரோபோ ஒன்று தன் கைக்கு எட்டுகிற பொருளைத்தான் தொடும். உடம்பை உயரமாக நீட்டலாம், குள்ளமாகச் சுருக்கலாம், அவ்வளவுதான். இந்த ஒரு விதியால் திரை முழுக்கக் கண்டபடி கிளிக் செய்யும் பழக்கம் தானாக நின்றுவிடுகிறது. நாமும் அந்த ரோபோ நிற்கும் இடத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். இப்படி ஒரு விதி, அது ஆடுகிறவரின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று கவனித்து எழுதினால் உங்கள் விமர்சனம் அங்கேயே உயிர்பெற்றுவிடும்.

மாயாஜாலக் கதைகளில் இது இன்னும் முக்கியம். மாயம் என்றால் எதுவும் நடக்கலாம் என்பது கதைக்கு ஒத்துவரும், புதிருக்கு ஒத்துவராது. மந்திரக்கோல் இன்றைக்குப் பூட்டைத் திறக்கும், நாளைக்குத் திறக்காது என்றால் எதை வைத்து யோசிப்பது? 2009-ல் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்ட 'ட்ரான்: தி பெயின்ட்டட் டவர்' இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த விளையாட்டு. கோபுரத்தில் அடைபட்ட ஐரிஸ் என்ற சிறுமி வரைவதெல்லாம் உயிர்பெறும். அவள் வரைந்த ஓவியங்களுக்குள் நாம் நுழைந்து, அங்கே கிடைப்பதை வைத்துக் கோபுரத்தில் மேலே ஏறுகிறோம். வரைந்தது நிஜமாகும் என்ற ஒரே மாயம்தான் கதைக்கும் புதிருக்கும் அடிப்படை. அதேபோல 'தி ரூம்' (ஐபேடில் 2012, கணினியில் 2014). அதில் ஒரு விசித்திரக் கண்ணாடி வில்லை கிடைக்கிறது. அதை மாட்டிக்கொண்டால் வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் கோடுகளும் தெரியும். அந்த விதி முதலிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டுவிடுகிறது, கடைசிவரை மாறுவதில்லை. பிறகு சிக்கும்போதெல்லாம் "வில்லையை மாட்டிப் பார்த்தேனா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதும் விளையாட்டில் மாயத்துக்கு என்ன விதி என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அதையே குறையாக எழுதலாம்.

ஹிட்டன் ஆப்ஜெக்ட், அதாவது குவியலுக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடும் வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாயக்கதை சொல்லும் எளிய விளையாட்டுகளில் பெரும்பங்கு அதுதான். 2005-ல் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' வந்தபோது குவியலுக்குள் பொருள் தேடுவதுதான் முக்கிய வேலை. 2008-ல் அதே வரிசையில் வந்த 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' அறை அறையாகச் சுற்றுவது, பொருளைச் சேர்த்து வைப்பது, புதிர்ப் பூட்டுகளைத் திறப்பது என்று சாகசப் பக்கம் நகர்ந்தது. இப்போது நாம் ஆடும் பலவும் அந்தக் கலவையின் பிள்ளைகள். போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி வெளியிடும் 'கிரிம் லெஜண்ட்ஸ்', 'நைட்மேர்ஸ் ஃப்ரம் தி டீப்' போன்றவை இந்த வழியில் வந்தவைதான்.

இந்த வகையில் வரைகலையை எல்லாரும் புகழ்கிறார்கள், புகழட்டும், உழைப்பு தெரிகிறது. விமர்சகர் பார்க்க வேண்டியது வேறு. கயிற்றை அறுத்த கத்தி அடுத்த நொடி ஏன் பையிலிருந்து காணாமல் போகிறது? அடுத்த அறையில் திரைச்சீலையைக் கிழிக்க ஏன் புதிதாகக் கண்ணாடித்துண்டு தேட வேண்டும்? ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னம் உடைந்து விழுந்திருப்பதும் அதன் மூன்று துண்டுகள் மூன்று அறைகளில் கிடப்பதும் அந்த உலகத்தில் இயல்பா, அல்லது நம்மை இங்கும் அங்கும் நடக்கவைக்க ஒரு சாக்கா? நல்ல விளையாட்டுகள் ஒரே கருவியைப் பல இடங்களில் பயன்படுத்த விடுகின்றன, அல்லது அது ஏன் கைவிட்டுப் போனது என்று காட்டிவிடுகின்றன. தேடும் காட்சிகளும் அப்படித்தான். சூனியக்காரியின் சமையலறையில் மருந்துப்புட்டியும் உலர்ந்த வேரும் தேடுவது கதையோடு ஒட்டும். அங்கே டென்னிஸ் மட்டையையும் போக்குவரத்து விளக்கையும் தேடச் சொன்னால் கதை அறுந்துவிடும். அதே குவியலுக்குள் இரண்டாம் முறை அனுப்பினார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த மினி கேம்கள், அதாவது நடுநடுவே வரும் தனிச் சிறு புதிர்கள். நகர்த்துக்கட்டம், சின்னதன்மேல் பெரியதை வைக்காமல் வளையங்களை ஒரு கம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹனோய் கோபுரம், குழாய் இணைப்பு, ஒன்றைத் தொட்டால் பக்கத்து விளக்குகளும் மாறும் லைட்ஸ் அவுட் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஹனோய் கோபுரத்தை பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா 1883-லேயே வெளியிட்டுவிட்டார். அதன் வழி தெரிந்தவருக்கு 5 வளையங்கள் என்றால் குறைந்தது 31 நகர்த்தல், 6 என்றால் 63. வளையத்தைக் கூட்டுவதால் யோசனை கூடுவதில்லை, கைவேலைதான் கூடுகிறது. ஆகவே "கடினமான புதிர்கள்" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். புதிதாக எதையாவது கண்டுபிடிக்கவைத்த கடினமா, நேரம் மட்டும் பிடித்த கடினமா என்று பிரித்துச் சொல்லுங்கள். பழைய புதிரை எடுத்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்குப் புதுச் சட்டை மட்டும் போட்டார்களா, அல்லது அந்த உலகத்துக்கென ஒரு திருப்பம் சேர்த்தார்களா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஹின்ட் பற்றி எழுதாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. பெரும்பாலான எளிய விளையாட்டுகளில் இரண்டு மூன்று நிலைகள் இருக்கும். எளிய நிலையில் தொட வேண்டிய இடம் மினுமினுக்கும், ஹின்ட் பட்டன் சீக்கிரம் நிரம்பும், சிறு புதிர்களை ஸ்கிப் செய்யலாம். கடின நிலையில் இவை குறையும், சிலவற்றில் முற்றிலும் எடுக்கப்படும். எந்த நிலையில் ஆடினீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு நிலைகளும் கிட்டத்தட்ட இரண்டு வேறு விளையாட்டுகள். ஹின்ட் எப்படி உதவியது என்பதையும் பாருங்கள். "இதை எடு, இங்கே போடு" என்று அம்புக்குறி காட்டுவது ஒரு வகை. 'தி ரூம்' செய்வது வேறு வகை. முதலில் ஒரு மெல்லிய குறிப்பு வரும், நேரம் போகப்போக அடுத்த குறிப்பு இன்னும் வெளிப்படையாக வரும். எவ்வளவு உதவி வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. 'மெஷினாரியம்' முழு விடையையும் ஒரு புத்தகத்தில் படமாக வரைந்து வைத்திருக்கிறது. ஆனால் அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன சுடும் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அந்தச் சலிப்பே "இன்னும் கொஞ்சம் நாமே யோசிப்போம்" என்று நினைக்கவைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் அது ஒன்று.

சிக்குவதற்குக் காரணம் புதிராக இல்லாமல் ஆடுகிறவரின் கண்ணாகவோ காதாகவோ இருந்துவிடவும் கூடும். 1993-ல் வந்து, 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை உலகில் அதிகம் விற்ற கணினி விளையாட்டாக இருந்த 'மிஸ்ட்' எனக்கு உயிர். ஆனாலும் அதன் ராக்கெட் கப்பலில் பியானோ சுரங்களைக் கேட்டு, அதே சுரங்களை நெம்புகோல்களில் அமைக்கச் சொல்லும் புதிர் காது கேளாதவருக்கும் சுரம் பிரித்தறிய முடியாதவருக்கும் சுவர்தான். சிவப்பு பச்சையைப் பிரித்தறிய முடியாதவருக்கு வண்ணக் குழாய்ப் புதிர்களும் அப்படியே. இருண்ட காட்சியில் இருண்ட சாவியை ஒளித்து வைப்பதும் புதிராகாது. நிறத்தோடு வடிவமும் மாறுகிறதா, ஒலியோடு திரையிலும் ஏதாவது அசைகிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதினால், அது தேவைப்படுகிறவர் உங்களை வாழ்த்துவார். மொழியும் இதில் சேரும். சொல் விளையாட்டை நம்பிய புதிர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவரை வெளியே நிறுத்திவிடும். ஒரு சொல்கூட இல்லாமல், நான்கு கட்டங்களில் படங்களை நகர்த்தியும் அடுக்கியும் கதை சொல்லும் 'கொரோகோவா' (2017) யாரையும் அப்படி நிறுத்துவதில்லை.

கதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தங்கை காணாமல் போவாள், மகளைக் கடத்துவார்கள், ஊர்மேல் சாபம் இருக்கும். கரு பழையது என்பது குறையில்லை. நாம் தீர்த்த புதிர் கதையை நகர்த்தியதா, அல்லது கதை ஒரு பக்கம் புதிர் ஒரு பக்கம் என்று போனதா என்பதை மட்டும் கேளுங்கள்.

நீளத்தைச் சொல்லும்போது கவனம் தேவை. இந்த விளையாட்டுகளில் பல 3 முதல் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். அது குறைவு என்று எனக்குத் தோன்றியதில்லை, ஆனால் காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எளிய விளையாட்டுகளை விற்ற தளங்கள் பல காலமாக ஒரு மணி நேர இலவசச் சோதனை தந்து வந்தன. அதனாலேயே முதல் மணி நேரத்தைப் பளபளப்பாகச் செதுக்கிவிட்டு, பிற்பாதியில் அவசரமாக முடிக்கிற விளையாட்டுகளையும் பார்க்கிறோம். வாசகர் தானே சோதித்துப் பார்க்க முடியாத பகுதி அந்தப் பிற்பாதிதான், உங்கள் விமர்சனத்தின் கனம் அங்கே விழட்டும். கலெக்டர்ஸ் எடிஷன் என்று கூடுதல் விலைக்கு விற்பதில் ஒரு போனஸ் அத்தியாயம் இருக்கும். கதை சாதாரணப் பதிப்பிலேயே முடிகிறதா, முடிச்சு போனஸில்தான் அவிழ்கிறதா என்று சொல்வது கட்டாயம்.

விடையைப் போட்டு உடைக்காமல் எழுதுவது எப்படி என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நான் செய்வது இது. முதல் அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு புதிரை எடுத்துத் தொடக்கம் முதல் விடை வரை முழுசாக விவரித்துவிடுவேன். அந்த விளையாட்டு எப்படிச் சிந்திக்கச் சொல்கிறது என்பது அதிலேயே விளங்கிவிடும். மீதியில் புதிரின் வகையை மட்டும் சொல்வேன். விளையாடும்போதே பக்கத்தில் ஒரு தாள் வைத்து, எங்கே நின்றேன், எதனால் நகர்ந்தேன் என்று இரண்டு சொல்லில் குறித்துக்கொள்வேன். நானே கண்டுபிடித்தேனா, ஹின்ட் எடுத்தேனா, வாக்த்ரூ (முழு விடையையும் படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டி) பார்த்தேனா என்பதும் அதில் இருக்கும். விடை தெரிந்த பிறகு எல்லாப் புதிரும் சுலபமாகத்தான் தோன்றும், அதனால் முடித்த பிறகு நினைவை நம்பி எழுதுவது சரிவராது.

எழுதிப் பழக ஒன்று வேண்டுமென்றால் 'சமோரோஸ்ட் 1' எடுத்துக்கொள்ளுங்கள். அமானிதா டிசைனைத் தொடங்கிய யாகுப் ட்வோர்ஸ்கி மாணவராக இருந்தபோது 2003-ல் செய்தது, இப்போது மெருகேற்றிய பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். தன் வீட்டின்மீது மோத வரும் இன்னொரு சிறுகோளைத் திசைதிருப்பக் கிளம்பும் குட்டி மனிதனின் கதை. பேச்சு இல்லை, பொருள்களைச் சேர்க்கும் பை இல்லை, விளக்கமும் இல்லை. எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதல் இரண்டு திரைகளுக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் தாராளமாக வரும்.