ஸ்டிக்கரை விடுங்கள், பியூஸைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் ஒரு வான் வாங்கித் தந்திருக்கிறார்கள். அம்புலன்ஸாக ஓட்ட யோசனை. கல்முனையில் ஒரு கடையில் ‘பொலிஸ் சைரன், 100 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பெட்டியைக் காட்டினார்கள். விலை நல்ல மலிவு. வாங்கலாமா? கோயில் ஹோன் ஸ்பீக்கரே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். (திருக்கோவில்)

பதில்: முதலில் வானின் பதிவுப் புத்தகத்தைத் திறவுங்கள். ‘டுவல் பேர்ப்பஸ்’ (ஆளும் சாமானும் ஏற்றுகிற வகை) என்றுதான் இருக்கிறது என்றால் சைரன் கடைக்குப் போக அவசரமில்லை. அம்புலன்ஸ் என்று பதிவாகாத வாகனத்தில் சைரனைப் பூட்டிக்கொண்டு வீதிக்கு வந்தால், மறிக்கிற பொலிஸிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சரி, பெட்டிக்கு வருவோம். அதன் சிவப்பு வயரில் ஒரு பியூஸ் இருக்கும். மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். இப்படி ஒரு மலிவுப் பெட்டியை நானும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 3 அம்பியர் பியூஸ், வயர் போன் சார்ஜர் வயரின் மொத்தம். பட்டரி 12 வோல்ட். 12ஐ 3ஆல் பெருக்கினால் 36 வாட்ஸ். அவ்வளவுதான் உள்ளே போகும், பிறகு 100 எங்கிருந்து வெளியே வரும்? உண்மையான 100 வாட்ஸ் சைரன் கிட்டத்தட்ட 10 அம்பியர் இழுக்கும். அதற்குத் தக்க பியூஸும் தடித்த வயரும் இருக்க வேண்டும்.

அதற்காக வாட்ஸின் பின்னால் ஓடவும் வேண்டாம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். காசை ஸ்பீக்கரில் போடுங்கள். கோயில் ஹோனும் இதே இனம்தான். ஆனால் அது கம்பத்தில் அசையாமல் இருப்பதற்குச் செய்தது, வானின் குலுக்கலுக்கு அல்ல. பெட்டி கேட்கிற ஓம் (மின்தடை) அளவும் ஸ்பீக்கரின் ஓம் அளவும் பொருந்தாவிட்டால் பெட்டி சூடாகி எரிந்தும் போகலாம்.

பொலிஸ் வண்டியில் இருப்பது என்ன என்று கேட்டால், ஒரு காலத்தில் வெறும் மணிதான். பிரிட்டனில் 1960கள் வரையும் பொலிஸ் கார்களில் மணி அடித்தது. சைரன் அதற்கும் முந்தியது. துளை போட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை வெட்டி வெட்டி விட்டால் சத்தம் பிறக்கும். பத்துத் துளை, செக்கனுக்கு 60 சுற்று என்றால் 600 ஹேர்ட்ஸ். 1819இல் பிரான்ஸின் காய்ஞார் த லா தூர் இப்படி ஒன்றைச் செய்தார். அது தண்ணீருக்குள்ளும் பாடியதால் கிரேக்கக் கதையில் வருகிற கடல் மோகினிகளின் பெயரை வைத்தார். மீன் பாடுகிற மட்டக்களப்பு வாவிக்காரருக்கு இது புதினமில்லை.

மறுகா தட்டை மோட்டரில் பூட்டி வண்டிகளில் வைத்தார்கள். மோட்டர் வேகமெடுக்க சத்தம் ஏறும், விட்டால் மெல்ல இறங்கும். 1960களில் இலத்திரனியல் சைரன் வந்தது. சுழல எதுவும் இல்லை, ஆனாலும் ‘வெய்ல்’ (wail) என்கிற நீண்ட ஊளையில் அந்த மோட்டர் மூச்சு வாங்குவதைத்தான் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறது. அதையே வேகமாக ஏற்றி இறக்கினால் ‘யெல்ப்’. நீள வீதியில் வெய்ல், சந்தியில் யெல்ப் என்று மாற்றுவார்கள், ஒரே சத்தம் காதுக்குப் பழகிவிடும் என்பதால். உங்களுக்கு இந்த இரண்டும் போதும். எட்டு வகை, பறவைச் சத்தம் என்று கடைக்காரர் அமத்திக் காட்டுவதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

பூட்டும்போது ஸ்பீக்கரை முன் கிரில்லுக்குப் பின்னால், வாய் சற்றுக் கீழே சரிந்தபடி வையுங்கள், மழைத்தண்ணீர் வடிய. கூரையில் வைத்தால் சாரதியின் காதும் நோயாளியின் நெஞ்சும் பாவம். கடற்கரை ஊர் என்பதால் வயர் முனைகளுக்குக் கிரீஸ் பூசுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது. பில்லில் ‘100 வாட்ஸ்’ என்று எழுதி வாங்குங்கள். பொய்யென்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கும்போது அந்தப் பில்தான் பேசும்.

கேள்வி: தம்பி தன் ஓட்டோவுக்குச் சின்னச் சைரன் ஹோன் ஒன்று பூட்டியிருக்கிறான். பிழையா? (காத்தான்குடி)

பதில்: பிழைதான். கழற்றச் சொல்லுங்கள். தண்டம் ஒரு பக்கம் இருக்க, ஓட்டோ என்று நினைத்து ஒருவர் உண்மையான அம்புலன்ஸுக்கு வழி விடாமல் நின்றால் என்ன செய்வது?

கேள்வி: கல்லடிப் பாலத்தடியில் சைரன் கேட்டது. முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் தடுமாறிவிட்டேன். என் காதில் குறையா? (நாவற்குடா)

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது. பாம்பு சீறுவது போன்ற பல சுருதி கலந்த இரைச்சலின் திசையைக் காது சட்டென்று பிடிக்கும். சைரன் நடுத்தரச் சுருதியில் ஒற்றைக் குரலாக வருவதால் தடுமாறுகிறது. போதாததற்குக் கடைச் சுவர்களில் பட்டுத் திரும்பியும் வருகிறது. இதற்காகவே பிரிட்டனில் சில அம்புலன்ஸ்களில் இரைச்சலையும் கலந்து பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றி ஏசியும் பாட்டும் போட்டிருந்தால் சைரன் முதுகுக்கு வந்த பிறகுதான் கேட்கும். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கமும் கிறுக வேண்டாம். சிக்னல் போட்டு மெல்ல இடது ஓரத்தில் நில்லுங்கள், அப்புறம் கண்ணாடியில் பாருங்கள்.