தாத்தாவின் ஹெரால்டை வீட்டுப் பட்டறையிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: தாத்தா 1970-ல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பல வருடமாகத் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. தாத்தா இப்போது இல்லை. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். எனக்கு வெல்டிங் தெரியும், வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறையும் இருக்கிறது. பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எட்டு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். என் மைத்துனரோ மாருதி எஞ்சினைப் போட்டு, உயரத்தைக் குறைத்து, அமெரிக்க ஹாட் ராட் (பழைய காரை வெட்டி வேக வண்டியாக்குவது) மாதிரி செய்துவிடலாம் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது? (பொள்ளாச்சி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வண்டியை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். எஞ்சினை மாற்றாதீர்கள். இந்த இரண்டிலும் உறுதியாக இருந்தால் மீதி வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். ஹெரால்டு வீட்டுப் பட்டறைக்கு ரொம்பவே தோதான கார். பானெட்டும் மட்கார்டும் ஹெட்லைட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, அதன் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார்த்தியிருப்பார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவோடுதான் வந்தது. நான்கு கதவு ஹெரால்டு சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்தச் சரக்கு. அதன் பின்கதவு நசுங்கினாலோ தொலைந்தாலோ இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடியாது. உங்கள் வண்டியை யாரும் வெட்டிவிடக் கூடாது என்று நான் பதறுவது இதனால்தான்.

அந்த எட்டு மாதக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நேர்மையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டியைப் பார்த்த அன்றே "முழுசா பிரிச்சிடலாம் சார்" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். முதல் வாரத்தில் வண்டி துண்டு துண்டாகிவிடும், பாதிப் பணம் கைமாறிவிடும். அதன்பிறகு அது உங்களுக்குத் திரும்பி வருவது அவர் தயவில்தான். நடுவில் ஒரிஜினல் கார்புரேட்டர், டேஷ்போர்டு மீட்டர், முன்னாலிருக்கும் சின்னம், வீல் கப் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கேட்டால் "வரும்போதே இல்லையே" என்பார். பிரித்துப் போட்ட நிலையில் வேறு பட்டறைக்கும் தூக்கிப் போக முடியாது. அப்படி வெளியே கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஒரு பாகத்தை மட்டும் கொடுங்கள். இந்த மாதம் ரேடியேட்டர், அடுத்த மாதம் டைனமோ. வண்டி கொட்டகையிலேயே இருக்கட்டும்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காகித வேலை இருக்கிறது. பானெட்டைத் திறந்து சேசிஸ் எண் பொறித்த தகட்டையும் பிளாக்கில் பொறித்திருக்கும் எஞ்சின் நம்பரையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்துப் புகைப்படம் எடுங்கள். பேப்பர் வைத்துப் பென்சில் பிரிண்ட்டும் எடுத்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். டிங்கரிங் செய்பவர் சாண்ட் பேப்பரோடு வந்து, துரு என்று நினைத்து நம்பரையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். "தேஞ்சா என்ன, மறுபடி பன்ச் அடிச்சுக்கலாம்" என்று யோசனையும் சொல்வார். அதற்கு ஒத்துக்கொண்டால், புது பன்ச் அடித்த நம்பரைப் பார்க்கும் அதிகாரிக்கு அது திருட்டு வண்டியாகத்தான் தெரியும். உங்கள் தாத்தாவின் வண்டிக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு விண்ணப்பிக்க வேண்டியது படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அத்தைமார் இருந்தால் அவர்களும் வாரிசுதான், அவர்கள் கையெழுத்தும் வேண்டும். தாத்தா காலமான உடனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அது தவறிவிட்டது, அபராதம் கட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் வேறு வழி ஒன்று சொல்வார்: "வாரிசெல்லாம் எதுக்கு சார்? தாத்தா உங்களுக்கு வித்த மாதிரி 29, 30 ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுடலாம்." இறந்துபோன மனிதரின் கையெழுத்தைப் போடச் சொல்கிறார். அது மோசடி. பின்னாளில் குடும்பத்தில் ஒருவர் மனத்தாங்கலில் புகார் கொடுத்தால் புரோக்கரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார், மாட்டுவது நீங்கள்தான்.

நேர்வழியில் போவது அலுப்பானது என்பதை மறைக்கமாட்டேன். எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ தொடங்கும் பழைய எண்களில் பல கணினியில் ஏற்றப்படவே இல்லை. எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "இந்த வண்டியே சிஸ்டத்துல இல்லையே" என்பார்கள், ஏதோ நீங்கள்தான் ஏற்ற மறந்துவிட்டதுபோல. அந்தப் பதிவேட்டை ஏற்ற வேண்டியது அலுவலகத்தின் வேலை. ஒரிஜினல் ஆர்.சி.யைக் காட்டி, பழைய பதிவை ஏற்றித் தரும்படி எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அடுத்த வாரம் வாங்க" என்பதை ஏற்காதீர்கள். அரை நூற்றாண்டு பழைய ஒரு வண்டியை முறையாக வைத்துக்கொள்ள விரும்பும் மனிதனை இத்தனை கவுன்டருக்கு அலையவிடுவதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மைத்துனரின் ஹாட் ராட் ஆசைக்கு வருவோம். அமெரிக்காவில் அது தோன்றியதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்கள் குப்பை விலைக்குக் கிடைத்தன. 1932-ல் ஃபோர்டு மலிவான வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. பையன்கள் தேவையில்லாத தகரத்தைக் கழற்றிவிட்டு வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அங்கே வண்டி ஏராளம், வெட்டினால் நஷ்டமில்லை. இங்கே நிலைமை வேறு, சட்டமும் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதோடு 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதியின்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, சேசிஸோ பாடியோ எஞ்சினோ மாற்றப்படாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடப் போவது, பராமரிப்பு என்ற காரியங்களுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஆபீஸ் போக முடியாது. உங்கள் வண்டி இந்தக் கணக்குக்குள் அழகாக வருகிறது. மாருதி எஞ்சினுக்காக சேசிஸில் ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்த அன்றே வெளியே போய்விடும்.

52-வது பிரிவில் விதிவிலக்கு ஒன்று உண்டு. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சிக்கிக்கொள்கிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். எஞ்சின் பிளாக் வெடித்துப்போய் லேத்தில் எதுவும் செய்ய முடியாது என்றால், அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினைப் போடலாம். வேறு ஹெரால்டிலிருந்து கழற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டுவிட்டு அனுமதி கேட்கக் கூடாது, அனுமதி வாங்கிவிட்டுப் போட வேண்டும். வரும் எஞ்சினின் பில்லோ, அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலோ, விற்றவரின் கடிதமோ கையில் இருக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலோ வேறு காயலான் கடையிலோ வாங்கினால் கடைக்காரரிடம் எண் எழுதிய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அந்த எஞ்சின் வேண்டாம், எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. புது எஞ்சினின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள், பட்டறை மூலையில் கிடக்கட்டும். சிலர் "பழைய நம்பரையே புது பிளாக்ல அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்" என்பார்கள். மேலே சொன்ன பன்ச் கதைதான் இது, அதைவிட மோசம். எஞ்சின் விதிவிலக்கை இந்த அளவுக்குத்தான் நீட்டலாம். "அதே குதிரைத்திறன்தானே", "அதே சி.சி.தானே" என்று மாருதி எஞ்சினை இதற்குள் நுழைக்க முடியாது.

சரி, வண்டிக்குள் வருவோம். எல்லோரும் முதலில் எஞ்சினை உறுமவைத்துக் கேட்க ஆசைப்படுகிறார்கள். இழுத்தோ தள்ளியோ ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மூடி ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, சில நாள் ஊறவிட்டு, ஸ்பேனர் வைத்துக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அதோடு நிறுத்தி பிரேக்குக்குப் போங்கள். வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஒரே சர்க்யூட் பிரேக் இது, ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டிரம்மில் இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத் துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல் அடுக்குவதும் கூடாது. ஸ்டாண்ட் வாங்குங்கள்.

ஸ்பேனர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஹெரால்டின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காருவதுபோல் உட்கார்ந்து, துருப்பிடித்ததைத் திருகும்போது மூலையை மழித்துவிடும். அங்குல செட் ஒன்று வாங்கினால் பாதிக் கோபம் மிச்சம்.

ஹெரால்டு என்றால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது முன்சக்கர டிரனியனைப் பற்றி. முன் சஸ்பென்ஷனின் செங்குத்துத் தண்டு கீழே ஒரு பித்தளைத் துண்டுக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. நம் மெக்கானிக்குகள் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டுப் போவார்கள். கிரீஸ் காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்கும், மரையில் துரு அரிக்கும். பிறகு ஒருநாள் மெதுவாக வளைக்கும்போது தண்டு அந்த இடத்தில் முறிந்து சக்கரம் மடங்கி மட்கார்டுக்கு அடியில் படுத்துவிடும். வேகம் குறைவாக இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். மரையில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு குழி இருந்தால் தண்டை மாற்றுங்கள். நன்றாக இருந்தால் சுத்தம் செய்து, மேலே கசியும்வரை ஆயில் விட்டு மூடுங்கள். பெயிண்டுக்குச் செலவழிக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

பாடியை சேசிஸிலிருந்து தூக்க வேண்டாம். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிக் கதவுக்கு அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் வாசல்படித் தகடு, பூட் மூலை எல்லாம் ஓட்டிப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூசி மறைத்த பட்டிதான் இருக்கிறது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் பின்மூலையும் முதலில் அழுகும். ஒரு பக்கம் வெட்டி, தகடு வைத்து, முடித்துவிட்டு அடுத்த பக்கம். வெட்டுவதற்கு முன்னால் கதவு நிலையில் குறுக்குக் கம்பி ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாடி தொய்ந்து கதவு மறுபடி மூடவே மூடாது. பேட்டரி மாட்டும் முன்னால் பழைய வயர் எந்த முனையில் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றி மாட்டினால் டைனமோ பழுதாகலாம்.

பெட்ரோல் லைன் முழுக்கப் புது ஹோஸ் போடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும். டேங்க் ஓட்டையாக இருந்தால் நீங்கள் பற்றவைக்காதீர்கள். உங்களுக்கு வெல்டிங் தெரியும் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். வருடக்கணக்காகக் காலியாகக் கிடக்கும் டேங்குக்குள்ளும் ஆவி தங்கியிருக்கும், ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து, கொதிநீர் விட்டுப் பலமுறை அலசிய பிறகு அவர்களே ஈயம் வைத்து அடைக்கட்டும். அதுவரை ஒரு சின்ன கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து எஞ்சினைச் சோதித்துக்கொள்ளலாம். கேன் எஞ்சினுக்குப் பக்கத்தில் வேண்டாம், பட்டறைக் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.